அழிந்துபோனவர்கள் என்று யாரைச் சொல்கிறோம்?
மாயா, கீழடி, நம் தோல் தொழில்



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் வரலாறு படித்தவர் அல்லர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலைக்குப் போனவர். அவர் மறைந்தபின் அவருடைய பெட்டியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய கணக்கு நோட்டு. அதில் கணக்கு எதுவும் இல்லை. தன்னோடு வேலை செய்தவர்களின் பெயர், ஊர், வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, என்ன வேலை, ஏன் நின்றார் என்ற விவரங்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். எதற்காக எழுதினார் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. இந்த உரையின் முடிவில் அந்த நோட்டுக்குத் திரும்புவோம்.

அதற்கு முன் வெகுதூரம் போய்வர வேண்டியிருக்கிறது. வாணியம்பாடியில் உட்கார்ந்துகொண்டு மாயா நாகரிகத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மாலை வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் காரணம். உலக நாகரிகங்கள் பற்றிய பாடத்தை முடித்தபோது அவள் எழுந்து, "மாயா ஜனங்க எல்லாருமே அழிஞ்சி போயிட்டாங்களாண்ணா? அப்போ இப்ப அந்த ஊர்ல யாரு இருக்காங்க?" என்றாள். அவள் படித்த புத்தகத்திலும் பார்த்த வீடியோவிலும் 'மர்மமாய் மறைந்த மாயர்கள்' என்றுதான் இருந்தது. 2012 டிசம்பர் 21-இல் உலகம் அழியப்போகிறது, மாயா நாட்காட்டி சொல்லிவிட்டது என்று நம் தொலைக்காட்சிகள் கிளப்பிய பீதி பலருக்கு நினைவிருக்கும். அன்று முடிந்தது அவர்களுடைய நாள் கணக்கில் ஒரு நீண்ட சுற்று. ஆண்டு முடிந்தால் நாம் புதுக் காலண்டர் மாட்டுவதைப் போன்றது அது. அந்தப் பரபரப்புக்கு நடுவில், மாயா மக்கள் இன்றும் இருக்கிறார்களே, அவர்களிடமே கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் இருக்கிறார்கள். தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளில் பல லட்சம் மாயர்கள் வாழ்கிறார்கள். மாயா மொழிக் குடும்பத்தில் ஏறத்தாழ 30 மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. குவாத்தமாலாவில் 2018-இல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தம்மை மாயர் என்றே பதிந்தார்கள். சோளம் விதைக்கிறார்கள், துணி நெய்கிறார்கள், பெரிய தோட்டங்களில் கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கிறார்கள். மறைந்தது மக்கள் அல்லர். கி.பி. 250 முதல் 900 வரை தழைத்த திக்கால், பலெங்கே, கோப்பான் போன்ற நகரங்களின் அரச வம்சங்கள்தாம் மறைந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் தொடர் வறட்சியும் ஓயாத போரும் அரசுகளைக் குலைத்தபோது, மக்கள் அந்த நகரங்களை விட்டு வேறு இடங்களுக்குப் போனார்கள். அரசன் இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை என்று எண்ணியவர்கள், அதற்கு 'மர்மமான மறைவு' என்று பெயர் சூட்டினார்கள்.

அந்த மக்களின் அறிவு எளிதானதன்று. சுழியத்துக்குத் தனிக்குறி வைத்துக் கணக்கிட்டார்கள். வெள்ளிக் கோளின் சுழற்சியை அட்டவணையாக எழுதினார்கள். அசைகளையும் சொற்களையும் குறிக்கும் முழுமையான எழுத்துமுறை அவர்களிடம் இருந்தது. மரப்பட்டையை அடித்துத் தாளாக்கி மடிப்புச் சுவடிகள் செய்தார்கள். 1562 ஜூலை 12 அன்று யுக்கட்டான் பகுதியின் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அந்தச் சுவடிகளைப் பேயின் பொய்கள் என்று சொல்லித் தீயிலிட்டார். எரிப்பும் அழிவும் தாண்டி இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே சுவடிகள்.

எழுத்தைத் தெரிந்தவர்களைத் தண்டித்து, எழுத்தையே தடைசெய்துவிட்டால், சில தலைமுறைகளில் அந்த மக்களைப் பார்த்து 'எழுத்தறிவில்லாதவர்கள்' என்று சொல்ல முடியும். படிக்கும் உரிமை மறுக்கப்பட்டவர்களையே படிப்பு வராதவர்கள் என்று இகழ்ந்த நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து நடந்ததும் நமக்குத் தெரிந்த கதைதான். 1839-இல் ஜான் லாய்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற அமெரிக்கரும் ஃப்ரெடரிக் கேதர்வுட் என்ற ஆங்கிலேய ஓவியரும் காட்டுக்குள் புதைந்திருந்த நகரங்களைத் தேடிப் போனார்கள். இவ்வளவு பெரிய கோபுரங்களைக் கட்டியவர்கள் எகிப்தியராக இருக்கலாம், ஃபினீசியராக இருக்கலாம், கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் மக்களாக இருக்கலாம் என்றெல்லாம் ஐரோப்பாவில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே வாழும் மக்களின் முன்னோர்தான் இவற்றைக் கட்டினார்கள் என்று ஸ்டீஃபன்ஸ் சரியாகவே எழுதினார். அதே ஸ்டீஃபன்ஸ்தான் கோப்பான் நகரத்தின் இடிபாடுகளை 50 டாலருக்கு விலைபேசியவரும். வேலைக்காரனாகத் தன்முன் நிற்பவனின் பாட்டன் இதைக் கட்டியிருக்க முடியாது என்ற எண்ணம் மற்றவர்களுக்கு இருந்தது. கட்டியது அவன் பாட்டன்தான் என்று தெரிந்தாலும் சொத்து அவனுக்குப் போகக்கூடாது என்ற எண்ணம் இவருக்கு இருந்தது.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. மாயா என்பது மயன் என்ற தச்சனின் பெயர்தான், தமிழ்ச் சிற்பிகள்தாம் அங்கே போய்க் கட்டினார்கள் என்ற பேச்சு நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. குமரிமுனைத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதியும் மயனையும் மாயாவையும் இணைத்துப் பேசியவர். அவருடைய கலைத்திறனை நாம் மதிக்கிறோம். ஆனால் ஓர் ஒலி ஒற்றுமையை வைத்துக்கொண்டு இன்னொரு மக்களின் பாட்டன் சொத்துக்குப் பட்டா கேட்பது என்ன நியாயம்? மாயா என்பது யுக்கட்டான் பகுதிக்குரிய பெயர். ஆய்வாளர்கள்தாம் பிற்பாடு அதை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். அந்த மக்கள் தம்மைக் கிச்சே, கக்சிக்கேல், மாம் என்று தத்தம் பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள். ஃபினீசியர் கட்டினார்கள் என்பதும் தமிழர் கட்டினார்கள் என்பதும் கேட்பவருக்கு வேறு வேறாகத் தோன்றலாம். காப்பித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் கிச்சே பெண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு மக்களைத் தள்ளிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அந்த மண்ணே காட்டுகிறது. 1847-இல் யுக்கட்டானில் மாயா உழவர்கள் நிலத்துக்காகவும் வரிக் கொடுமைக்கு எதிராகவும் கிளர்ந்தார்கள். 1901-இல் மெக்சிகோ படை அவர்களுடைய தலைமையிடத்தைப் பிடிக்கும்வரை அது நீடித்தது. வரலாற்றில் அதற்குச் சாதிப் போர் என்று பெயர். மனிதரைப் பிறப்பால் தரம் பிரிக்க ஸ்பானியர் அங்கே கையாண்ட 'காஸ்தா' என்ற சொல்லைத்தான் போர்த்துகீசியர் இங்கே வந்து நம் சாதிக்கும் இட்டார்கள். கடலுக்கு இருபுறமும் ஒரே சொல்லால் மனிதர்கள் அளக்கப்பட்டார்கள்.

குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமற் போனார்கள் என்று 1999-இல் வெளிவந்த உண்மை ஆணையத்தின் அறிக்கை கூறியது. அடையாளம் தெரிந்த பலியானவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயர்கள். சில பகுதிகளில் அரசுப் படைகள் மாயர்களுக்கு எதிராக இனப்படுகொலைச் செயல்களைச் செய்தன என்று அந்த ஆணையமே சொன்னது. அதே ஆண்டுகளில் திக்கால் கோபுரங்களைக் காண உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1990-களிலிருந்து அந்த நாட்டில் இன்னொரு விதமான அகழாய்வு நடக்கிறது. தடயவியல் மானிடவியலாளர்கள் கிராமம் கிராமமாகப் போய், கூட்டமாகப் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளைத் தோண்டி, உறவினர்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, பெயரைக் கண்டுபிடித்துக் குடும்பத்திடம் ஒப்படைக்கிறார்கள். ஒரே நாட்டில் இரண்டு தோண்டல்கள். ஒன்று அரசர்களின் பெயரைத் தேடுகிறது. மற்றொன்று பெயர் பறிக்கப்பட்டவர்களுக்குப் பெயரைத் திருப்பித் தருகிறது. இந்த இரண்டாவது தோண்டல் நமக்கும் தேவைப்படுகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2014-15-இல் இந்தியத் தொல்லியல் துறை, கி. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில், சிவகங்கை மாவட்டம் கீழடியில் அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை பணியை ஏற்றது. 2019-இல் அது வெளியிட்ட அறிக்கையில், ஒரு கரி மாதிரியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று வந்தது. செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், தக்களிகள், எலும்பாலான நெசவுக் கருவிகள், தந்தப் பகடைகள், பானைக் கீறல்கள் எனக் கிடைத்தவை ஏராளம். அமர்நாத் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரச்சொல்லி 2025 மே மாதம் ஒன்றிய அரசின் துறை திருப்பி அனுப்பியபோது தமிழ்நாடே கொதித்தது. நாமும் கண்டித்தோம். தமிழர் வரலாற்றைத் தில்லி மறைக்கக்கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை.

அந்தக் குரலோடு சேர்த்து நாம் ஒரு கேள்வியையும் வைக்கிறோம். தமிழர் நாகரிகம் என்று சொல்லும்போது அந்தத் தமிழருக்குள் சேரியும் இருக்கிறதா?

கீழடியில் நமக்குப் பிடித்தது தங்கமும் தந்தமும் அல்ல, பானை ஓடுகள். மாநிலத் துறையின் முதல் பருவத்தில் மட்டும் தமிழி எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. எழுத்தமைதி ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. பானையைப் பயன்படுத்திய பலரும் தத்தம் கையால் கீறியிருக்கிறார்கள் என்று அறிக்கை கருதுகிறது. மாயா எழுத்து பெரும்பாலும் அரசனின் கல்லிலும் உயர்குடியின் கிண்ணத்திலும் இருந்தது. இங்கே சமையல் பானையிலும் எழுத்து இருக்கிறது. எழுத்து ஒரு கூட்டத்தாரின் தனிச்சொத்தாக இல்லாத காலம் இந்த மண்ணில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பிறகு அந்த எழுத்து யாரிடமிருந்து எப்போது பிடுங்கப்பட்டது என்பதுதான் வரலாற்று மாணவர்கள் தேட வேண்டிய அடுத்த கேள்வி.

கீழடியில் விலங்கு எலும்புகளும் கிடைத்தன. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் அவற்றில் முக்கியமானவை. உணவுக்காக வெட்டிய தடங்கள் கொண்டவையும் உண்டு. 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்று ஆனதும், எதிர்ப்பு எழுந்ததும், மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனதும் நம் கண்முன் நடந்தவை. கீழடியில் கிடைத்த மாட்டெலும்பு அருங்காட்சியகத்துக்குப் பெருமை, ஆம்பூர்த் தட்டில் இருந்தால் அவமானம் என்றால், நாம் கொண்டாடுவது எந்த நாகரிகத்தை?

மாடு இருந்த இடத்தில் தோலும் இருந்திருக்கும். தோலை உரித்து, முடி நீக்கி, பதப்படுத்திய கைகளும் இருந்திருக்கும். ஆனால் தோல் நம் ஈர மண்ணில் மட்கிவிடும். பானை நிற்கும், மணி நிற்கும், இரும்பு துருப்பிடித்தாவது நிற்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழியில் கை வெந்தவனின் வேலை மண்ணில் தடமில்லாமல் கரைந்துபோகும். தொல்லியல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் நம் தொழிலை எளிதில் கண்டுகொள்ளாது.

ஆகவே இலக்கியத்தைப் பார்க்கிறோம். புறநானூற்றின் 82-ஆம் பாட்டில் ஒரு தோல் தொழிலாளி வருகிறான். ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிள்ளைப்பேறு. மழை பெய்துகொண்டிருக்கிறது, பொழுது சாய்கிறது. அவன் கட்டிலுக்குத் தோல்வார் பின்னிக்கொண்டிருக்கிறான். வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரத்தில் அவன் கை ஊசி பறக்கிறது. தொழில் செய்கிறவனின் அவசரத்தை இவ்வளவு துல்லியமாகக் கண்ட புலவரை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஊசி ஓர் அரசனின் போர் வேகத்துக்கு உவமை மட்டுமே. ஊசி பிடித்தவனுக்குப் பாட்டில் பெயரில்லை. இழிசினன் என்ற சொல்தான் இருக்கிறது. அவன் மனைவிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்ததா என்று இரண்டாயிரம் ஆண்டாக ஒருவரும் கேட்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனின் கல் அது. அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காவல் காத்த நாயின் உருவமும் அதில் உண்டு. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறார்கள். நாயின் நன்றிக்குக் கல் வைத்த மண் என்று நாம் பெருமைப்படலாம். ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. கட்டில் பின்னியவனின் பெயர் எங்கும் இல்லை.

நம் பக்கத்திலேயே, திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில், 1960-களில் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. புதிய கற்காலத்தவர் குழிவீடுகளில் வாழ்ந்த தடங்களும் கற்கோடரிகளும் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பையம்பள்ளியில் அரசன் இல்லை, கோபுரம் இல்லை. அதனால் அது பெருமைப் பட்டியலில் ஏறவில்லை. மாயா உலகின் தெற்கு விளிம்பில், எல் சால்வடோரில் ஹோயா தெ செரேன் என்ற உழவர் சிற்றூர் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 600-இல் எரிமலைச் சாம்பல் மூடியதால் அது அப்படியே காப்பாற்றப்பட்டது. 1976-இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். தோட்டத்துப் பாத்திகள், நீராவிக் குளியலறை, உண்ட கிண்ணத்தில் விரல் வழித்த தடம் வரை கிடைத்தன. அரசர் கல்வெட்டுகள் ஆயிரம் சொல்லாததை அந்தச் சிற்றூர் சொன்னது. 1993-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சேரியை அகழ்ந்தாலும் நாகரிகம் கிடைக்கும் என்பதற்கு அது உலகச் சான்று.

இந்த இடத்தில் நம்மை நாமே எச்சரித்துக்கொள்ள வேண்டும். பறிகொடுத்தவர்களுக்குப் பொற்காலக் கனவு வருவது இயல்பு. நாமும் ஒரு காலத்தில் அரசாண்டோம் என்று சொல்லத் தோன்றும். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'தமிழன்' இதழைத் தொடங்கி, பூர்வ பௌத்தர் என்ற அடையாளத்தால் இழிவைத் திருப்பி எறிந்தார். கோலார் தங்கவயலிலும் இதே திருப்பத்தூரிலும் பௌத்த சங்கக் கிளைகள் அவர் வழியில் எழுந்தன. அண்ணல் அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதோர் யார் என்ற நூலில், பௌத்தத்தையும் மாட்டுக்கறியையும் இணைத்து, சிதறுண்ட மக்களின் கதையை எழுதினார். இருவரும் செய்தது வெறும் பழம்பெருமைத் தேடல் அன்று. இந்த இழிவு என்றைக்கும் இருந்ததில்லை, ஒரு காலத்தில் தொடங்கியது, ஆகவே முடிக்கவும் முடியும் என்று காட்டுவதே அவர்களுடைய நோக்கம். அதை விட்டுவிட்டு இரத்தப் பெருமையை மட்டும் பிடித்துக்கொண்டால், மாயர்களைத் தமிழராக்கும் பேச்சுக்கும் நம் பேச்சுக்கும் வேறுபாடு இராது. மாயா அரசுகளிலும் அடிமைகள் இருந்தார்கள். போர்க் கைதிகள் பலியிடப்பட்டார்கள். நாகரிகம் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. நம் உரிமைக் கோரிக்கை உழைப்பின்பேரில் நிற்கட்டும். கட்டியவர், பின்னியவர், பதப்படுத்தியவர் எவரோ, அவருக்கும் அவர் தொழிலை இன்றும் செய்கிறவருக்கும் மதிப்பில்லாத இடத்தில் அந்த நாகரிகத்தைக் கொண்டாட எவருக்கும் தகுதியில்லை.

குவாத்தமாலாவின் மாயா நெசவுப் பெண்கள் இதைச் செயலில் காட்டினார்கள். தங்கள் ரவிக்கைகளின் நெசவுக் கோலங்களைப் பெரிய நிறுவனங்கள் எடுத்து விற்றபோது, அவை எங்கள் கூட்டு அறிவு, சட்டத்தில் பாதுகாப்பு வேண்டும் என்று நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். எங்கள் பாட்டிமார் பிரமிடு கட்டினார்கள் என்று அவர்கள் வாதிடவில்லை. எங்கள் கையில் இன்றும் இருக்கும் இந்த அறிவு எங்களுடையது என்றார்கள். மாயா மொழியறிஞர்கள் தம் மொழிகளுக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார்கள். லாந்தா எரித்த எழுத்தை மாயா ஆசிரியர்கள் மறுபடி கற்றுத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஆவாரம்பட்டையில் எத்தனை நாள், கடுக்காயில் எத்தனை நாள் என்று கைவிரலால் தொட்டே தோலின் பதம் சொன்ன தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. டிரம்மும் குரோமும் வந்தபின் அந்தச் சொற்களும் போகின்றன. பாலாற்றங்கரை ஊர்களின் முதியவர்களிடம் போய் உட்காருங்கள். தோலின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பெயர், ஒவ்வொரு கத்திக்கும் என்ன பெயர், எந்த வேலைக்கு என்ன கூலி, எந்த வேலையில் யாருக்கு என்ன நோய் வந்தது என்று எழுதி வாங்குங்கள். பெண்களிடம் தவறாமல் கேளுங்கள். ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களில் பெரும்பகுதி அவர்கள்தாம். சமூகவியல் படிப்பவர்கள் ஆய்வேட்டுத் தலைப்புத் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை.

அந்தக் கேள்வி கேட்ட மாணவிக்கு அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இன்று சொல்கிறோம். யாரும் அழிந்துபோகவில்லை, தங்கச்சி. அழிந்துவிட்டார்கள் என்று எழுதினால், இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எழுதுகிறவருக்கு இல்லாமல் போகிறது.

தோழரின் நோட்டுக்குத் திரும்புகிறோம். அதில் நாற்பத்தேழு பெயர்கள் உள்ளன. சிலவற்றுக்கு எதிரே 'மூச்சுத் திணறல்' என்றிருக்கிறது. சிலவற்றுக்கு எதிரே 'குழி' என்ற ஒரே சொல். இரண்டு பெயர்களுக்கு எதிரே 'பையன் காலேஜ்' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். கடைசிப் பெயர் அவருடையது. சேர்ந்த ஆண்டை எழுதி, நின்ற காரணத்துக்கு இடம் விட்டிருக்கிறார். அந்த நோட்டை இன்று நம் மன்ற நூலகத்தில் வைக்கிறோம். பக்கத்தில் எழுதாத நோட்டுகள் பத்து வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள்.

ஜெய்பீம்.